கன்னி மூலைக்குப் போன மாமனார்

அவருடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கை எங்கே போவதென்று தெரியாமல் தவிக்கும். ஐகான் இல்லை. ஸ்டார்ட் மெனு இல்லை. ஜன்னலை மூடுகிற பெருக்கல் குறிகூட இல்லை; "அது சும்மா இடத்தை அடைக்குது" என்று ஒரு தீபாவளி லீவில் எடுத்துவிட்டார். அழித்து வைத்த கரும்பலகை நிறத்தில் திரை, வலது ஓரத்தில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒன்பது கட்டங்கள், அதற்குக் கீழே ஒரு கடிகாரம். அந்தக் கடிகாரம் அங்கே வந்து உட்கார்ந்த கதையை நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஆபீசுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். லினக்ஸ் வைத்திருப்பவர்களெல்லாம் இவராகிவிட முடியாது. அவர்களில் பெரும்பாலோர் உபுண்டுவைப் போட்டு, வந்ததை வந்தபடி வைத்துக்கொண்டு பிழைப்பைப் பார்க்கிற சாதுக்கள். இவர் ஜன்னல்களைத் திறக்கவும் நகர்த்தவும் அடுக்கவும் செய்கிற விண்டோ மேனேஜரைத் தனியாகப் பிடித்து, அதற்கு வேண்டிய மாட்யூல்களைத் தன் கையால் கோப்பவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். காலேஜ் நாளில் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் தொற்றியது, இன்னும் தெளியவில்லை.

குலதெய்வம் எஃப்.வி.டபிள்யூ.எம். 1993-ல் ராபர்ட் நேஷன் என்பவர், டி.டபிள்யூ.எம். என்ற அந்தக் காலத்து விண்டோ மேனேஜர் மெமரியை இப்படித் தின்கிறதே என்று, அதையே பிரித்து மேய்ந்து சிக்கனமாக ஒன்றைச் செய்துகொண்டார். அன்றைக்கு மெமரி விற்ற விலைக்கு அது நியாயமான கவலை. நம்மவர் மெஷினில் இருப்பதோ 16 ஜிபி. அதில் தன் விண்டோ மேனேஜர் ஏதோ சில எம்பியோடு திருப்தியாக இருப்பதைத் தினமும் காலையில் திறந்து பார்த்துப் பூரிப்பார். பக்கத்திலேயே பிரவுசர் 4 ஜிபியை விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும். கேட்டால், "அது அப்ளிகேஷன் சைடு பிரச்சினை."

மாட்யூல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் தனி புரோகிராம். எல்லாவற்றுக்கும் எஃப்.வி.டபிள்யூ.எம். என்பதுதான் இனிஷியல், அதற்குப் பிறகுதான் பேஜர், பட்டன்ஸ், ஆட்டோ, ஈவென்ட், அனிமேட் என்று பெயர். எந்த ஜன்னல் திறந்தது, எது மூடியது, எது சுருங்கியது என்கிற சேதியெல்லாம் மேனேஜரிடமிருந்து பைப் வழியாக இவற்றுக்குப் போகும். ஒன்று செத்தால் மற்றவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததைக் கழற்றலாம். இந்தக் கடைசி வசதிதான் மனிதரைக் கெடுத்தது.

கடிகாரத்துக்கு வருவோம். பட்டன்ஸ் மாட்யூலில் 'ஸ்வாலோ' என்று ஒரு கட்டளை. எழுதினால், வேறொரு புரோகிராமின் ஜன்னலையே விழுங்கித் தன் கட்டத்துக்குள் உட்கார வைத்துக்கொள்ளும். முதலில் கடிகாரத்தை விழுங்கச் சொன்னார். விழுங்கியது. அந்த மகிழ்ச்சியில் பேஜரை விழுங்கச் சொன்னார், சிபியு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் எக்ஸ்லோடை விழுங்கச் சொன்னார், மவுஸ் போகிற பக்கமெல்லாம் உருளுகிற எக்ஸ்-ஐஸ் கண்களையும் விழுங்கச் சொன்னார். நாலாவதில் விக்கிக்கொண்டு பட்டன் பட்டையே காணாமல் போனது. ஏன் போனது என்று திரையில் ஒரு வார்த்தை வராது. எரர் எல்லாம் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவான ஃபைலில் போய் விழும். அதைத் தோண்டிப் படித்தால், எங்கோ ஒரு அடைப்புக்குறி மூடவில்லை என்று தெரியும். எங்கே என்றுதான் தெரியாது. மாட்யூல் வரிகள் நட்சத்திரக் குறியில் தொடங்க வேண்டும், பெயருக்குப் பின்னால் கோலன் வர வேண்டும். பழைய முறையில் கோலன் கிடையாது, பெயரும் ஆப்ஷனும் ஒட்டிக்கொண்டே வரும். இவர் ஃபைலில் இரண்டு காலமும் கலந்து கிடக்கிறது. நடுவில் ஓரிடத்தில் இவரே எழுதி வைத்திருக்கும் குறிப்பு: "கீழே உள்ள மூணு வரி எதுக்குன்னு தெரியல. எடுத்தா மெனு வரல. கை வைக்காதே."

ஈவென்ட் மாட்யூலைக் கண்டுபிடித்த வாரம் ஆபீசில் இன்னும் பேச்சாக இருக்கிறது. ஜன்னல் திறந்தால் ஒரு சத்தம், மூடினால் ஒரு சத்தம் என்று அதில் கட்டிவிடலாம். இவர் மூடுவதற்கு உடுக்கை வைத்தார். பகலெல்லாம் ஒன்றிரண்டு தட்டு, யாரும் கண்டுகொள்ளவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது இருபது ஜன்னல்களை வரிசையாக மூடினார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து, யாருக்குச் சாமி வந்திருக்கிறது என்று பார்த்தார்கள்.

மவுஸ் எந்த ஜன்னல்மேல் நிற்கிறதோ அதற்குத்தான் கீபோர்டு சொந்தம் என்பது இவர் வீட்டுச் சட்டம். கிளிக் செய்யத் தேவையில்லை. அதோடு ஆட்டோ மாட்யூலையும் சேர்த்து 200 மில்லி செகண்டில் அந்த ஜன்னல் தானாக மேலே வரும்படி செய்திருக்கிறார். அவருக்கு இது சுகம். ஆனால் யாராவது மேஜையில் டீ டம்ளரை வைக்கும் வேகத்தில் மவுஸ் அரை அங்குலம் நகர்ந்தால், பாஸ்வேர்டின் பின்பாதி ஆபீஸ் மேனேஜருக்குச் சாட்டில் போய்விடும். மேனேஜர் அதற்கு ஒருமுறை கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

ஒரு நாள், ஊரிலிருந்து வந்திருந்த நம்மவர் மாமனாருக்குத் திருநெல்வேலிக்குத் தத்கால் போட வேண்டியிருந்தது. ஸ்லீப்பர் பதினோரு மணிக்குத் திறக்கும். பெரியவர் கம்ப்யூட்டர் தெரிந்தவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்கூட்டியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரியாதது, இந்த டெஸ்க்டாப் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது பக்கம் கொண்டது என்பதும், மவுஸ் ஓரத்தைத் தொட்டால் அடுத்த பக்கம் வந்துவிடும் என்பதும். பத்து ஐம்பத்தொன்பதுக்கு மவுஸ் இடது ஓரத்தில் உரசியது. ஃபாரம், பெயர், வயது எல்லாம் மாயம். பதறிப்போய் மவுஸைக் கீழே இழுத்தார். இன்னொரு வெறும் திரை.

"மாப்ளே, எல்லாம் போச்சு!"

"எதுவும் போகல மாமா. ஜன்னல் அதே நடு இடத்துலதான் இருக்கு. நீங்கதான் கன்னி மூலைக்குப் போயிட்டீங்க."

"நான் சேர்லதானே உட்கார்ந்திருக்கேன்?"

மாமனாருக்கு வாஸ்துவில் நல்ல பிடிப்பு. ஒன்பது கட்டத்தைக் காட்டியதும் நொடியில் பிடித்துக்கொண்டார். பிரம்ம ஸ்தானத்தில் டிக்கெட் ஃபாரத்தைத் திறந்து வைத்ததே தப்பு, அந்த இடத்தில் பாரம் ஏற்றக் கூடாது என்றார். மருமகன் விடுவாரா? பேஜர் என்கிற அந்தக் கட்டங்களில் மவுஸின் நடு பட்டனை அழுத்தி இழுத்தால் எந்த ஜன்னலையும் எந்த மூலைக்கும் கொண்டுபோகலாம் என்று செய்து காட்டினார். ஃபாரத்தை ஈசானியத்தில் வைப்பதா வாயு மூலையில் வைப்பதா என்று இருவரும் முடிவுக்கு வரும்போது மணி பதினொன்று ஏழு. பெரியவர் பஸ்ஸில் போனார். கோபமாக இல்லை, படியிறங்கும்போதும் அக்னி மூலையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டேதான் போனார்.

விண்டோ மேனேஜர் விஷயத்தில் நம்மவரை ஏகபத்தினி விரதர் என்றும் சொல்ல முடியாது. 2006-ல் நாவெல் கம்பெனி காம்பிஸை வெளியிட்டபோது கனசதுரமாகச் சுழலும் டெஸ்க்டாப்பையும், இழுத்தால் ஜெல்லி மாதிரி ஆடும் ஜன்னலையும் காட்டி ஹாஸ்டலையே கூட்டினார். ஹாஸ்கெல் மொழியிலேயே கான்ஃபிக் எழுத வேண்டிய எக்ஸ்மோனாடுக்குப் போனார். ஹாஸ்கெல் படிக்க ஆரம்பித்து, மோனாடு என்ற அத்தியாயத்தில் திரும்பினார். ஐ3 கொஞ்ச நாள். 2020-ல் எஃப்.வி.டபிள்யூ.எம். 3 வந்து, பழைய மாட்யூல்கள் சிலவற்றைக் கழித்துக் கட்டியபோது தாய்மாமன் போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

இவர் முன்னால் சொல்லக் கூடாத ஒரு பெயர் உண்டு: வேலண்ட். 1984-ல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை ஓரங்கட்ட வந்தது. ஃபெடோரா 2016-லேயே அதற்கு மாறத் தொடங்கிவிட்டது. எஃப்.வி.டபிள்யூ.எம். எக்ஸை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. யாராவது பேச்சை எடுத்தால் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார், ரிட்டயர்மென்டைப் பற்றிக் கேட்டவர் மாதிரி.

இத்தனை கேலி செய்துவிட்டு இதையும் சொல்லாவிட்டால் பாவம். எங்கள் தளத்தில் மேனுவல் பேஜைக் கடைசி வரி வரை படித்த ஒரே ஆள் அவர்தான். ராத்திரி பத்து மணிக்கு யாருடைய சர்வர் படுத்தாலும், தன் அடைப்புக்குறியைத் தேடுவதைப் பாதியில் விட்டுவிட்டு வருவார். ஒரே கஷ்டம், வந்து உட்கார்ந்ததும் நம் டெஸ்க்டாப்பை ஒரு பார்வை பார்ப்பார், மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பது போல.

அண்மையில் அவருக்கு ஒரு சிஷ்யன் அகப்பட்டான். புதிதாகச் சேர்ந்த பையன், வாய் தவறி "உங்க செட்டப் நல்லாருக்கு அண்ணா" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே கான்ஃபிக் ஃபைலைக் கையில் கொடுத்துவிட்டார். அதில் மற்ற ஃபைல்கள் இருக்கும் இடமெல்லாம் இவருடைய ஹோம் டைரக்டரி பெயரிலேயே எழுதியிருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ராத்திரி பதினொன்றரைக்குப் பையன் போன் செய்தான்.

"அண்ணா, லாகின் பண்ணேன். திரையில ஒண்ணுமே வரல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே வரலண்ணா. பேஜர் இல்ல, பட்டை இல்ல, மெனுகூட வரல."

"அடப்பாவி, அதிர்ஷ்டக்காரன்டா நீ!" என்றார் நம்மவர், நிஜமான பொறாமையோடு. "எனக்கு அந்த நிலைமைக்கு வர ஆறு வருஷம் ஆச்சு. எதையும் தொடாத, காலையில வீட்டுக்கு வர்றேன்."