வேணாம் சார்... அந்த டார்ச்சைக் குடுங்க!

பழைய காருக்கு எஞ்சின் மாற்றப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும். அதுவரை நம் உடல்நலம்கூட விசாரிக்காதவர்கள் எல்லாம் நம் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

என்னிடம் இருப்பது மார்க் 3 அம்பாசடர். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். கத்திப்பாரா மேம்பாலத்தில் அது ஏறும்போது, பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர் கோபத்தில் அல்ல, இரக்கத்தில் ஹாரன் அடிப்பார். இதே காரின் உடம்புக்குள் 1990களில் கம்பெனிக்காரர்களே 1817 சிசி இசுஸு எஞ்சினை வைத்து விற்றார்கள். அவர்கள் வைத்ததை நான் வைக்கக் கூடாதா?

"வேணாம் சார்" என்றார் மெக்கானிக். "உங்க வண்டி ஸ்டியரிங் கியர். அது ஃப்ளோர் கியர், அஞ்சு ஸ்பீடு. தரையை வெட்டணும். மவுண்டிங் புதுசா வெல்டு வைக்கணும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை லேத்துல குடுத்து அளவு மாத்தணும். ரேடியேட்டர் பத்தாது. எதுக்கு இந்த வம்பு?" சொல்லி முடித்துக் கையைத் துடைத்தவர், குரலைத் தாழ்த்தினார்: "புதுப்பேட்டைல நம்ம பையன் கடையில ஒரு இசுஸு கெடக்கு. சும்மா பாத்துட்டு வருவோமே!"

அடுத்த தடை மாமனார். அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "மாப்ளே, வண்டி ஓடுறது பெரிசில்ல. ஆர்.சி. புக்குல இருக்குற எஞ்சின் நம்பரும் வண்டியில இருக்குற நம்பரும் ஒண்ணா இருக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாம ஒரு போல்ட்டைத் தொடாதீங்க" என்று மிரட்டினார். மறுநாள் காலை ஆர்.டி.ஓ.வுக்கான விண்ணப்பம் தயாராக இருந்தது. எழுதியவர் அவர்தான். மூன்று நகல், ஓரம் விட்டு, அடிக்கோடு போட்டு.

நண்பர் சரித்திரத்தோடு வந்தார். "ஸ்டாண்டர்டு 2000 ஞாபகம் இருக்கா? நம்ம வண்டலூர்ல 1985ல விட்டாங்க. உடம்பு ரோவர் எஸ்டி1, ஐரோப்பாவுல 1977ஆம் வருஷத்துச் சிறந்த கார். உள்ள இருந்தது 1940கள்ல வந்த வான்கார்டு பரம்பரை எஞ்சின். சில வருஷத்துல கம்பெனியே படுத்துடுச்சு. ஃபேக்டரியாலேயே முடியல, நீ ஷெட்டுல பண்ணப் போறியா?"

பதிலுக்கு நான் கான்டெஸா காரை இறக்கினேன். 1984ல் அவ்வளவு பெரிய உடம்புக்கு அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினைத்தான் கொடுத்தார்கள். மூச்சு வாங்கியது. பிறகு இசுஸு வைத்தார்கள், மரியாதை வந்தது. ஆக, எஞ்சினை மாற்றுவது குற்றமில்லை. கீழ்நோக்கி மாற்றுவதுதான் குற்றம். நண்பர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எஞ்சின ஏத்துனா பிரேக்கையும் ஏத்தணும்டா. டிரம் பத்தாது, முன்னாடி டிஸ்க் போடணும்" என்றார். நியாயமான பேச்சு. அன்று மாலையே டிஸ்க் பிரேக் தேடிப் போனதும் அவர்தான்.

செயின் பிளாக்கில் எஞ்சின் தொங்கிய நாளில் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்ன ஒருவர்கூட வீட்டில் இல்லை. ஒருவர் டார்ச் பிடித்தார், ஒருவர் "இன்னும் அரை இஞ்ச்" என்றார், மாமனார் எஞ்சின் நம்பரைப் பென்சிலால் காகிதத்தில் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். ஆதரித்தவர் என்று யாரும் இல்லாததால், எதிர்க்கட்சியை வைத்தே ஆட்சி நடந்தது. "வேணாம்னு சொன்னவங்களுக்கு டீ போட்டே கேஸ் தீர்ந்துபோச்சு" என்றாள் மனைவி.

கடைசியாக ஆர்.டி.ஓ. அலுவலகம். ஆய்வாளர் விண்ணப்பத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தச் செலவுக்கு வேற நல்ல வண்டியே வாங்கியிருக்கலாமே சார்?"

தலையாட்டினேன். அவர் குனிந்து மவுண்டிங் வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"லேத்துக்காரர் நம்பர் இருக்கா? எங்க அப்பாவோட பத்மினி ஒண்ணு நிக்குது."