வெட்டியாச்சு... அப்புறம்?

வாசகி, ஈரோடு: ஆஷர்மன் சிண்ட்ரோம் என்று சொல்லி, கர்ப்பப்பைக்குள் இருந்த தழும்பை நீக்கினார்கள். சரி, உள்ளே ஒரு பலூனையும் வைத்து அனுப்பியிருக்கிறார்களே, எதற்கு?

கர்ப்பப்பையின் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் பாசம் ஜாஸ்தி. எப்போதும் தொட்டுக்கொண்டே கிடக்கும். புண் ஆறுவதற்குள் தொட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க நடுவில் உட்கார்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர்தான் பலூன். சில நாளில் எடுத்துவிடுவார்கள். லேசான வலி, கசிவு சகஜம். காய்ச்சல், துர்நாற்றம், மணிக்கொரு நாப்கின் நனையும் ரத்தப்போக்கு என்றால், ரிவ்யூ தேதிக்குக் காத்திராமல் கிளம்புங்கள்.

வாசகி, தஞ்சாவூர்: குழந்தை வேண்டுமென்று போனால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தருகிறார்களே?

குழந்தைக்காகத்தான்! கர்ப்பப்பையின் உள்சவ்வு வளர்ந்து புண்ணை மூட வேண்டும். சில வாரம் ஈஸ்ட்ரோஜன், கடைசியில் புரோஜெஸ்ட்ரோன், பிறகு மாதவிலக்கு. ரத்தக்கட்டியோ மார்பகப் புற்றுநோயோ வந்தவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வாசகி, நாகர்கோவில்: பீரியட்ஸ் ஒழுங்காக வந்துவிட்டது. ஆனாலும் மறுபடி ஹிஸ்டரோஸ்கோபி (கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) என்கிறார் டாக்டர். பில்லை ஏற்றவா?

உங்கள் சந்தேகம் எனக்குப் புரிகிறது. பில்லைப் பார்த்தால் யாருக்கும் வரும். ஆனால் இந்த விஷயத்தில் நான் டாக்டர் கட்சி. ஓரத்திலோ, கருக்குழாய் வாயருகிலோ ஒட்டல் இருந்தாலும் பீரியட்ஸ் வரும். மெல்லிய ஒட்டல் ஸ்கேன் கண்ணுக்குத் தப்பிவிடும். ஓரிரு மாதத்துக்குள் பார்த்தால் புது ஒட்டலைக் கேமரா முனையாலேயே விலக்கிவிடலாம். விட்டால் நார்போல் இறுகி, மறுபடி கத்தரிதான். தழும்பு கடுமையாக இருந்தவர்களில் 20 முதல் 60 சதவீதம் பேருக்கு அது திரும்பியிருக்கிறது. 'வந்துவிட்டது, போதும்' என்று நிறுத்தாதீர்கள்.

வாசகி, கடலூர்: எனக்கு டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்ததே இல்லை. எப்படித் தழும்பு வந்தது?

கர்ப்பப்பைத் திசுவைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். நம் நாட்டில் கர்ப்பப்பைக் காசநோய் முக்கியமான காரணம். அது உறுதியானால் மாத்திரை ஆறு மாதமாவது எடுக்க வேண்டும். நோயை விட்டுவிட்டுத் தழும்பை மட்டும் வெட்டிப் பயனில்லை.

வாசகி, மதுரை: எப்போது நல்ல சேதி என்று மாமியார் தினமும் கேட்கிறார்.

இரண்டாவது ஹிஸ்டரோஸ்கோபியில் உள்ளே சுத்தம் என்று தெரிந்த பிறகு முயற்சியைத் தொடங்குங்கள். கரு தங்கினால், முதல் செக்கப்பிலேயே இந்த ஆபரேஷனைச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையோடு ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உங்களுக்குச் சற்றுக் கூடுதல். ரத்த வங்கி வசதியுள்ள மருத்துவமனையில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள். மாமியாருக்குக் காட்டாவிட்டாலும், பிரசவம் பார்க்கும் டாக்டருக்குக் கட்டாயம் காட்டுங்கள்.