மீனுக்கு முத்தம் குடுக்க வந்த மோனுக்கு

தம்பி மோனை, உந்தக் கதிரையிலை இரு. கனடாவிலையிருந்து கொண்டந்த தூண்டில் தடியை முதல் சுவரிலை சாத்து, கோழியள் மிரளுது. பரந்தன் சந்தியிலை கடல் இல்லையெண்டு தெரிஞ்சும் கடல் விசயத்துக்கு என்னட்டைப் புத்தி கேக்க வந்தாய் பார், உனக்கு மாகாணசபைக்கு நிக்கிற தகுதி வந்திட்டுது.

நீ சொல்லுறது விளங்குது. வெள்ளைக்காரரும் எங்கடை வெளிநாட்டுப் பெடியளும் முல்லைத்தீவுக்கு வருவினம். வள்ளம் பிடிச்சுப் போய், ஆள் கனத்திலை ஒரு பாரையைத் தூண்டிலிலை இழுத்து, மடியிலை வைச்சுப் படம் எடுத்து, முத்தமும் குடுத்துத் திரும்பக் கடலிலை விடுவினம். அதுக்கு டொலரிலை காசும் தருவினம். நல்லது. ஆனால் படத்தை மீன் தண்ணிக்குள்ளை கிடக்கேக்கையே எடுக்கச் சொல்லு. வெளியிலை வைச்சிருக்கிற நேரம் கூடக் கூட அது பிழைக்கிறது குறைஞ்சுகொண்டு போகும். முத்தம் குடுத்துக் கொண்டுபோட்டான் எண்ட பேர் எங்கடை ஊருக்கு வேண்டாம்.

முல்லைத்தீவுக்குப் போகேக்கை வட்டுவாகல் பாலத்திலை கொஞ்சம் நிண்டு பார். ஒருத்தன் வீச்சுவலையின்ரை கரையைப் பல்லிலை கடிச்சுக்கொண்டு, மிச்சத்தை முழங்கையிலை போட்டு, இடுப்பை ஒரு சுழட்டுச் சுழட்டி எறிவான். வலை வட்டமாய் விரிஞ்சு விழும். ஏறினது நாலு இறாலெண்டாலும் இடுப்புப் பறிக்குள்ளை போட்டிட்டு அடுத்த வீச்சுக்கு நனைஞ்ச வலையை உதறுவான். அவனிட்டை, “அண்ணை, பிடிச்சதைத் திருப்பி விட்டால் காசு தருவினம்” எண்டு சொல்லிப் பார். உன்னை மேலையும் கீழையும் பாத்திட்டு, “தம்பி சாப்பிட்டனீரோ?” எண்டு கேப்பான்.

நீங்கள் எல்லாரும் எப்ப வருவியள்? மார்கழி லீவிலை. மார்கழியிலை முல்லைத்தீவுக் கடல் வாடையிலை கொதிச்சுக்கொண்டு நிக்கும், ஊரவனே வள்ளத்தைக் கரையிலை ஏத்திப்போட்டு வலை பொத்துவான். சோளகம் தொடங்கினால் எங்கடை கிழக்குக் கடல் அடங்கும், அப்ப மேற்குக் கரை கொதிக்கும். அதாலை அங்கையிருந்து தொழிலாளர் கொக்கிளாய்க்கும் நாயாத்துக்கும் வந்து வாடி போடுவினம். ஊரவனோடை அந்த இழுபறி இண்டைக்கு நேற்றையானது இல்லை. அதுக்கு நடுவிலை உன்ரை வெள்ளைக்காரன் எங்கை நிண்டு தூண்டில் எறியப்போறான்? கடல் குளப்படி இல்லாத மாசங்களிலை கரை குளப்படி, மோனை.

இன்னொண்டு, உந்த வரைபடத்திலை சிவப்புக் கோடு போட்டு “ஒதுக்கிய பகுதி” எண்டு எழுதியிருக்கிறாய். அதை இப்பவே அழி. இரணைதீவுச் சனம் 1992இலை வெளிக்கிட்டது, பிறகு ஊருக்குள்ளை திரும்ப விடேல்லை. 2018 சித்திரையிலை தங்கடை வள்ளங்களிலை தாங்களே ஏறிப் போய்த்தான் ஊருக்குள்ளை கால் வைச்சது. ஆர் கோடு கீறினாலும் இஞ்சை சனத்துக்கு அடிவயிறு கலங்கும்.

மீன் எங்கை எண்டும் கேப்பினம். 2017இலை பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலையே தடை செய்தது. சட்டம் கொழும்பிலை நல்லாத்தான் இருக்கு. பாக்கு நீரிணையிலை திங்கள், புதன், சனி இரவுகளிலை அக்கரை இழுவைப்படகுகள் வந்து அடியை வாரிக்கொண்டுதான் போகுது. அவன் வலையோடை அறுத்துக்கொண்டு போக, நீ ஒரு மீனைப் பிடிச்சு விட்டு, “நாங்கள் வளத்தைப் பாதுகாக்கிறம்” எண்டு பலகை நடப்போறாய். நடு, நடு. காகம் இருக்க ஒரு இடம் வேணும்தானே.

இந்த நாட்டிலை மீனுக்குச் செலவழிக்கவே இல்லையெண்டும் சொல்லேலாது. 2021இலை பழசாய்ப்போன பஸ்களை மீன் பெருகட்டும் எண்டு யாழ்ப்பாணக் கடலிலை இறக்கினவை. பரந்தன் சந்தியிலை மணித்தியாலக் கணக்கிலை பஸ்ஸுக்குக் காத்து நிக்கிற எனக்கு அதைக் கேட்டதும் மீனிலை ஒரு பொறாமை. அதுக்காவது இருக்க சீற் கிடைச்சுதே.

சரி, பகிடியை விடு. நீ கொண்டந்த கட்டிலை உருப்படியான தாள் ஒண்டுதான் இருக்கு, அமெரிக்காக்காரன்ரை கணக்கு. அவன் 1950இலை ஒரு சட்டம் போட்டான். தூண்டில் தடிக்கும் றீலுக்கும் செய்யிறவனிட்டையே வரி எடுத்து, அந்தக் காசை மீன்வளத்துக்கெண்டே மாநிலங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கிறான். அளவு பாக்கிறது, நிலமும் நீரும் எவ்வளவு, அனுமதிப்பத்திரம் எடுத்துத் தூண்டில் போடுறவை எத்தினை பேர் எண்டு. வேலைக்கு முக்கால் பங்கு அங்கையிருந்து, கால் பங்கு மாநிலம் போடவேணும். 1984இலை மோட்டர் வள்ளத்துக்கு ஊத்திற எண்ணெய் வரியையும் அதோடை சேர்த்தான். எல்லாத்திலும் கெட்டித்தனம் எது தெரியுமோ? தூண்டில்காரன்ரை அனுமதிக் காசை மாநிலம் வேறை வேலைக்குத் திருப்பினால் அந்தக் கொடுப்பனவுக்கே ஆபத்து. கள்ளனை நம்பாமல் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறான்.

எங்கடை பக்கம் எண்ணெயின்ரை கதை வேறை. 2022 ஆவணியிலை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாய் 340 ஆச்சு. வள்ளமெல்லாம் கரையிலை. அந்த நேரம் மீனுக்கு நல்ல ஓய்வு, மீன்காரனுக்கு நல்ல பட்டினி.

ஆத்திலை போட்டாலும் அளந்து போடு எண்டவை, நீ கடலிலையெல்லோ போடப்போறாய். வெள்ளைக்காரன் குடுக்கிற காசு கொழும்புத் திறைசேரிக்குப் போனால், பிறகு நீ அதை எந்தத் தூண்டிலாலையும் பிடிக்கேலாது. அந்தந்தக் கரையின்ரை கடற்றொழிலாளர் சங்கத்திலை ஒரு தனிக் கணக்கு, அதிலையிருந்து இறங்குதுறை, ஐஸ் பெட்டி, கண்டலடியிலை குஞ்சுமீன் வளர இடம் எண்டு எழுத்திலை வாங்கு. வள்ளம் ஓட்டுறதும் ஊர்ப் பெடியனாய் இருக்கட்டும். தங்கூசியைப் போத்தலிலை சுத்தி, சுட்டுவிரலிலை விட்டு, தொடுறது பாரையோ பாசியோ எண்டு இருட்டிலை சொல்லுறவன் இஞ்சை இருக்கிறான். உன்ரை ஆயிரம் டொலர் றீலுக்கு அந்த விரல் இல்லை.

நாளைக்குக் கச்சேரிக்குப் போறதுக்கு முதல் சங்கத்துக்குப் போ. உந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிவைச்சிட்டுப் போ, இல்லாட்டி தேத்தண்ணிக் காசே இரட்டிப்பாகும். காசு ஆர் தருவினம் எண்டு கேட்டால் உலக வங்கி, அது இது எண்டு உளறாதை. நான் தருவன் எண்டு சொல்லு, சனம் பயந்து எழும்பி உனக்குக் கதிரை தரும்.

அடுத்தமுறை வரேக்கை உந்தத் தடியிலை ஒண்டு கூடக் கொண்டா. இரணைமடு அணைக்கட்டிலை இருந்து ஒருக்காப் பாப்பம். ஆனால் பிடிச்சதை நான் விடமாட்டன், அதை இப்பவே சொல்லிப்போட்டன். மாமி குழம்பு வைக்கப் புளி கரைச்சு வைச்சிருப்பா.