குக்கரில் கேக் சுடுவோர் கவனத்திற்கு

கேக் சுடுவதற்கென்றே ஓவன் என்று ஒரு சாதனம் இருக்கிறது, கடையில் காசு கொடுத்தால் கிடைக்கும். இப்படிச் சொல்பவர்களை முதலில் வீட்டுக்குள் விடாதீர்கள். ஆப்பத்துக்கு ஒரு சட்டி, பணியாரத்துக்குக் குழிச்சட்டி, புட்டுக்குக் குழாய், இடியாப்பத்துக்கு அச்சு, முறுக்குக்கு வேறொரு அச்சு என்று பலகாரத்துக்கு ஒரு பாத்திரம் வாங்கிப் பரணை நிரப்பிய குடும்பம், கேக் என்றதும் மட்டும் ‘இருக்கிறதை வெச்சு செஞ்சுக்கலாமே’ என்று சிக்கனத்தில் இறங்குவது ஏன் என்றும் யாரும் கேட்கக் கூடாது. அது நம் உரிமை.

இந்தக் கலையின் அடிப்படை ரொம்பச் சுலபம். சமையலறையில் உள்ள ஒவ்வொரு சாதனத்திலும், ‘இது என் வேலை இல்லை’ என்று சொல்வதற்காகவே ஒரு சின்ன உறுப்பை வைத்திருப்பார்கள். அது எது என்று கண்டுபிடித்து அதன் வாயை அடைக்க வேண்டும். மற்றதெல்லாம் மைதாவும் சர்க்கரையும்தான்.

குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பையும் மெத்தென்று வேகவைக்கும் பாத்திரம் ஒன்றை 1679-இல் லண்டனில் செய்துகாட்டினார். அது வெடித்துவிடாமல் இருக்க சேஃப்டி வால்வையும் அவரே கண்டுபிடித்தார். அன்றிலிருந்து இன்றுவரை குக்கருக்கு இரண்டே விதிகள்: உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும், ஆவி கண்டபடி வெளியேறக் கூடாது. நாம் தண்ணீரே ஊற்றப்போவதில்லை, ஆவிக்கும் கதவைத் திறந்துவிடப்போகிறோம். கணக்கு நேராகிவிட்டது.

கேஸ்கெட்டைக் கழற்றுங்கள். வெயிட்டை எடுத்துவிடுங்கள். அடியில் ஓர் அங்குல உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடிபோட்டுப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். உப்பு எதற்கு? அடியில் ஒரே இடத்தில் அறையும் சூட்டைப் பரவலாக்கத்தான். உப்பு உருகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அதற்கு 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். உப்பு பட்டுப் பட்டு அலுமினியக் குக்கரின் அடி புள்ளிபுள்ளியாக அரித்துப்போகுமே என்று கவலைப்பட வேண்டியவர் குக்கருக்குச் சொந்தக்காரர். அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தானே ஆரம்பித்திருக்கிறீர்கள்?

இனி அந்தச் சின்ன உறுப்புக்கு வருவோம். மூடியின் மேல் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கும். பல குக்கர்களில் அதற்குள் சீக்கிரம் உருகும் உலோகக் கலவையை வைத்து அடைத்திருப்பார்கள். விசிலடிக்கும் அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கும். பருப்பு குழைய அது தாராளம். தண்ணீர் வற்றிச் சூடு அதற்குமேல் எகிறினால் இந்தக் கலவை உருகி வழிவிட்டு வீட்டைக் காப்பாற்றும். கேக்குக்கோ 170, 180 டிகிரி தேவை. அதாவது, எந்த நிலைமை வந்துவிடக் கூடாது என்று அந்த வால்வை வைத்தார்களோ, அதே நிலைமையை முக்கால் மணி நேரம் விடாமல் உண்டாக்குவதுதான் நம் செய்முறை. வால்வு உருகிக் கேக்கின் மேல் சொட்டினால் அது செர்ரிப்பழம் அல்ல, சாப்பிடாதீர்கள். வால்வு உருகிய குக்கரில் மறுநாள் பருப்பும் வைக்காதீர்கள். புது வால்வு பாத்திரக் கடையில் கிடைக்கும். தண்ணீர் இல்லாமல் சூடாக்காதீர் என்று குக்கரோடு வந்த கையேட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். ஆனால் எந்த வீட்டிலும் அந்தக் கையேடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அது ஒரு தடையே அல்ல.

மாவு கலக்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு கப் என்றால் 240 மில்லி. உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் எத்தனை மில்லி என்பது அதைச் சீராகக் கொடுத்தவருக்கே தெரியாது. ‘ஒரே பக்கமாத்தான் கிண்டணும்’ என்று டிவியில் சொல்வார்கள். மைதாவுக்குக் கிழக்கு மேற்கு தெரியாது. எந்தப் பக்கம் கிண்டினாலும், அதிகம் கிண்டினால் கேக் ரப்பராகும், அவ்வளவுதான். பேக்கிங் பவுடர் இல்லையென்று அதே அளவுக்கு ஆப்ப சோடாவை அள்ளிப் போட்டால், சாப்பிட்டவர்கள் சோப்பு வாசனை வருகிறது என்பார்கள். சோடாவின் வேகம் பவுடரைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அது பொங்குவதற்குத் தயிரோ வினிகரோ, ஏதாவது ஒரு புளிப்பும் கூட வேண்டும்.

இந்த இடத்தில் 2020-ஐ நினைத்துப் பார்க்காமல் போக முடியாது. ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் கிடந்தபோது, க்ரீம் பிஸ்கட்டைப் பொடித்து, பாலில் கரைத்து, ஒரு பாக்கெட் ஈனோவைக் கொட்டிக் குக்கரில் வைக்கும் கேக் வீட்டுக்கு வீடு பரவியது. சிரித்தவர்கள் உண்டு, ஆனால் அதில் ரசாயனப் பிழை ஒன்றும் இல்லை. ஈனோவில் இருப்பது சோடாவும் சிட்ரிக் அமிலமும். கேக் பொங்கத் தேவையானதும் அதே இரண்டுதான். அஜீரணத்துக்கான மருந்தைப் பலகாரத்திலேயே முன்கூட்டிக் கலந்துவிட்ட வேறு சமையல் முறை எனக்குத் தெரிந்து கிடையாது.

அடுப்பில் ஏற்றியாயிற்றா? இனி முப்பது நிமிடத்துக்கு மூடியைத் திறக்காதீர்கள். திறப்பீர்கள், தெரியும். எட்டாவது நிமிடத்தில் நீங்கள், பன்னிரண்டாவதில் பிள்ளைகள், பதினைந்தில் ‘என்னமோ தீயற வாசனை வருதே’ என்றபடி மாமியார். ஒவ்வொரு தடவையும் உள்ளே சேர்ந்த சூடு போய், பாதி எழும்பிய கேக் நடுவில் உட்கார்ந்துவிடும். அது எழும்பி நிற்கும்போதே சிலிண்டர் தீர்ந்துபோவதும் உண்டு. அதற்கு இந்தக் கையேட்டில் பரிகாரம் இல்லை. வெந்ததா என்று குத்திப் பார்க்க ஈர்க்குச்சி போதும், புதுத் துடைப்பத்திலிருந்து உருவியதாக இருக்கட்டும்.

குக்கர் தர மறுக்கப்பட்டவர்களுக்கு, குறிப்பாக விடுதி மாணவர்களுக்கு, எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் இருக்கிறது. இதன் மறுப்பு உறுப்பு ஒரு காந்தம். பானைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றிச் சூடு சற்றே ஏறியதும் காந்தம் பிடியை விட்டுவிடும், பொத்தான் ‘டக்’ என்று மேலே எழும்பும். சோறு ரெடி. கேக் மாவை ஊற்றினால் சில நிமிடத்திலேயே ‘டக்’. சற்று ஆறவிட்டு மறுபடி அழுத்துங்கள், மறுபடி ‘டக்’. பரீட்சைக்குப் படித்துக்கொண்டே ஒரு மணி நேரம் இப்படி அழுத்தினால் ஒருபக்கம் சிவந்த, மறுபக்கம் வெளிறிய கேக் கிடைக்கும். கவிழ்த்து வைத்துவிட்டால் அழகாகத்தான் இருக்கும். பொத்தான் எழும்பாமல் இருக்க ஸ்பூனைச் செருகுவார்கள் சிலர். வேண்டாம். மற்றதையெல்லாம் வேடிக்கையாகச் சொன்னேன், இது விளையாட்டல்ல, தீப்பிடிக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றி இரண்டே வரி. சாதாரண அலுமினியக் குக்கரை அது பாத்திரமாகவே மதிக்காது. அடி பொருத்தமான குக்கரை வைத்தால், காலியாகச் சூடேறுகிறது என்று புரிந்துகொண்டு பீப் பீப்பென்று கத்தி அணைந்துவிடும். இந்தப் பட்டியலிலேயே கொள்கைப் பிடிப்புள்ள சாதனம் அதுதான்.

மைக்ரோவேவை, பையில் இருந்த மிட்டாய் ரேடார்க் கருவிக்குப் பக்கத்தில் உருகியதைக் கண்டு 1945-இல் கண்டுபிடித்தவர் பெர்சி ஸ்பென்சர். அதாவது, பிறப்பிலேயே இனிப்புச் சம்பந்தம் உள்ள பெட்டி. காபிக் கோப்பையில் மாவைக் கலக்கி உள்ளே வைத்தால் ஒன்றரை நிமிடத்தில் கேக். அதைச் சாப்பிட உங்களுக்கு இருக்கும் அவகாசம் ஐந்து நிமிடம். ஆறிவிட்டால் பள்ளிக்கூடப் பையில் போட்டுவிடலாம், பென்சில் எழுத்தை அழிக்கும். நிறமும் வராது. 140 டிகிரியைத் தொட்டால்தான் மேல்தோல் பொன்னிறமாகும்; நுண்ணலை சூடாக்குவது பெரும்பாலும் ஈரத்தை, ஈரமோ 100-இல் நின்றுவிடும். கோகோ பவுடரைக் கொட்டி மறைத்துவிடுங்கள். கோப்பைக் கேக்குகள் எல்லாம் சாக்லேட் கேக்காக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் சந்தேகம்.

ஏர் ஃப்ரையரில் நேர்மாறான பிரச்சினை. மேலே காற்றாடி சுழன்று சூட்டை அறைவதால், மேல்பக்கம் கருகும் நேரத்தில் உள்ளே கூழாக இருக்கும். பட்டர் பேப்பரைச் சும்மா விரித்தால் அது பறந்துபோய்ச் சூட்டுக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். 20 டிகிரி குறைத்து வையுங்கள்.

இட்லிப் பானையில் கேக் வேகும், சிவக்காது. ஆவி 100 டிகிரிக்கு மேல் போகாதல்லவா? மூடியைத் துணியால் கட்டாவிட்டால் தண்ணீர் சொட்டி மேலெல்லாம் அம்மைத் தழும்பு விழும். எல்லாம் சரியாக வந்தாலும் கிடைப்பது சர்க்கரை போட்ட ரவா இட்லி. சட்னி கேட்பார்கள்.

இத்தனைக்கும் நடுவில் கேக்குக்கு உண்மையாக உழைக்கக்கூடிய ஒரே பாத்திரம் பரணில் தூங்குகிறது: குழிப்பணியாரச் சட்டி. ஒவ்வொரு குழியிலும் மாவு கொஞ்சம்தான் என்பதால் சூடு நடுவரைக்கும் சுலபமாகப் போய்ச் சேரும். உப்பு வேண்டாம், வால்வு வேண்டாம், காந்தம் வேண்டாம். குழிக்குக் கால் ஸ்பூன் நெய், முக்கால் குழிக்கு மாவு, சிறு தீ, ஒரு மூடி. ஓரம் பிரியும்போது கம்பியால் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் சிவந்த உருண்டைக் கேக். டென்மார்க்கில் கிறிஸ்துமஸுக்கு ஏபிள்ஸ்கீவர் என்று ஓர் இனிப்பு சுடுவார்கள். சட்டி அச்சு அசல் இதேதான், அவர்கள் திருப்பப் பயன்படுத்துவது சில வீடுகளில் ஸ்வெட்டர் பின்னும் ஊசி. ஆனால் இதைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டால் ‘பணியாரம் நல்லா வந்திருக்கு’ என்றுதான் பதில் வரும். அதனால்தான் யாரும் செய்வதில்லை.

கேக் உடைந்துவிட்டால் உதிர்த்து, கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி உருட்டுங்கள். வேறு பெயர் வைத்து விருந்தாளிக்குக் கொடுக்கலாம். ‘பேசாம ஒரு கேசரி கிளறியிருக்கலாமேம்மா’ என்று யாராவது சொன்னால், ஆமாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். கேசரிக்கு வாணலி போதும் என்பது உண்மைதான்.

எது எப்படிப் போனாலும், கழற்றிய கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எங்கே வைத்தீர்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆறு மணிக்குச் சாம்பாருக்குப் பருப்பு வைக்க வேண்டும்.