கண்ணுக்கு வேலை, காதுக்குச் சம்பளம்

கண் ஆபரேஷன் செய்யும் டாக்டருக்குக் காது மந்தமானால் நமக்கென்ன? அவர் பார்ப்பது நம் கண்ணைத்தானே?

அவர் கண் மைக்ராஸ்கோப்பில், இரண்டு கையிலும் கருவி, இரண்டு காலடியிலும் பெடல். மிச்சம் இருப்பது காதுதான். மெஷின் அதையும் விடவில்லை. 1967-இல் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்த ஃபேகோ முறையில், கண்புரையை உடைக்கும் ஊசிமுனை நொடிக்குச் சுமார் 40,000 தடவை அதிரும். மனிதக் காதுக்கு எட்டுவதோ 20,000 வரைதான்; ஆக, அந்த அதிர்வு யாருக்குமே கேட்காது. டாக்டர் கேட்பது மெஷின் எழுப்பும் செயற்கை ஒலி. உடைந்த துண்டுகளை உறிஞ்சும் விசை ஏற ஏறச் சுருதியும் ஏறும். ஊசிமுனை அடைத்துக்கொண்டால் மணி அடிக்கும். வயதானால் காதை முதலில் கைவிடுவது மேல் சுருதிகள்தான்.

மெஷின் திரையில்தான் எண் ஓடுகிறதே என்பீர்கள். அதைப் பார்க்கத் தலையைத் திருப்பும் நேரத்தில் லென்ஸ் உறை கிழிந்துபோகலாம். ஆனால் காது மந்தம் என்பதற்காக டாக்டரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஒலியைக் கூட்டலாம், சிஸ்டர் அளவைப் படித்துச் சொல்லலாம், சில மெஷின்களில் பெடலே அதிர்ந்து காட்டும். ஆபரேஷன் தியேட்டரில் பாட்டு ஓடினால் முதலில் அதை நிறுத்தலாம் (இளையராஜா ரசிகர்கள் மன்னிக்க).