சாவண்டலையும் ஒரு சீவுளியும்

கேள்வி: வீட்டு விறாந்தையில் சிறு மரவேலை செய்ய ஆசை. மின்சார இயந்திரம் இல்லாமல் உருப்படியாக ஏதும் செய்ய முடியுமா? (தோப்பூர் வாசகர்)

பதில்: முடியும். உங்கள் மாவட்டத்து மரமே சாட்சி. சாவண்டலை, வணிகர்களிடம் 'திருகோணமலை மரம்' என்ற பெயரிலேயே கடல் கடந்தது. 19ஆம் நூற்றாண்டில் சென்னைக் கரையின் முரட்டு அலைகளைத் தாண்டிய மசூலாப் படகுகளுக்கு அது பலகையானது. அந்தப் பலகைகளை ஆணியால் அறையவில்லை, கயிற்றால் தைத்தார்கள்; அலை மோதும்போது படகு வளைந்து கொடுக்க வேண்டும் அல்லவா? மரத்தின் குணம் தெரிந்த கைகள் செய்த வேலை அது.

உங்களுக்கும் அந்த அறிவே முதல் கருவி. பலகை நீளவாக்கில் அநேகமாக அசையாது; அகலவாக்கில் ஈரம் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். கச்சான் காற்றில் கச்சிதமாகப் பொருந்திய பெட்டி மூடி மார்கழி மழையில் திறக்க மறுத்தால் அது பேயின் வேலையல்ல, இடைவெளி விடாதவரின் வேலை. எந்த இயந்திரமும் அந்த இடைவெளியை உங்களுக்காக நினைவில் வைத்திருக்காது. ஒட்டுப்பலகை அசையாதே என்பீர்கள். உண்மைதான்; அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் பெட்டியின் அடிப்பாகத்துக்கு அது மிக நல்லது. ஆனால் சாதாரண ஒட்டுப்பலகையின் விளிம்பில் தண்ணீர் புகுந்தால் அடுக்கு பிரிந்துவிடும். கைவேலை நேரம் தின்னும் என்பதும் நியாயமே: நூறு நாற்காலி செய்பவருக்கு இயந்திரம் வேண்டும். ஒரு முக்காலி செய்பவருக்கு வாள், சீவுளி, இரண்டு உளி, மூலைமட்டம், தீட்டுக்கல் போதும். தளபாடப் பட்டறையில் மிஞ்சும் தேக்கு, முதிரைத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். முதிரை கடினமான மரம். உளியை நன்றாகத் தீட்டாமல் அதைத் தொடாதீர்கள்.