சொட்டுற ஷவரும் சொல்ற சாரும்

(வேளச்சேரிப் பக்கம் மூன்று மாடிக் குடியிருப்பு. மேல்மாடி வீட்டுக் குளியலறை. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், கையில் போனுடன். எதிரே பிளம்பர், தோளில் பையுடன்.)

சார்: வாப்பா. பாரு, எப்படிச் சொட்டுதுன்னு. நொடிக்கு ஒரு சொட்டு. ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லின்னு வெச்சா, தினம் நாலு லிட்டருக்கு மேல சாக்கடைக்குப் போகுது.

பிளம்பர்: எப்பலேர்ந்து சார்?

சார்: பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து.

பிளம்பர்: இப்ப கத்திரி வெயில் வந்தாச்சு. கணக்கைப் போட்ட கையோட கீழ ஒரு பக்கெட்டையும் போட்டிருக்கலாமே சார்.

சார்: ஆராய்ச்சியில இருந்தேன்பா. யூடியூப்ல அமெரிக்காக்காரன் ஒருத்தன் பண்றான். ஷவருக்குப் பின்பக்க ரூம்ல அலமாரியைத் திறக்கிறான், உள்ள ஒரு பலகையைக் கழட்டுறான், வால்வு பளிச்சுனு நிக்குது. நீயும் பின்பக்கமா வந்துடேன்.

பிளம்பர்: பின்பக்கம் என்ன சார் இருக்கு?

சார்: (யோசித்து) பக்கத்து வீட்டு பூஜை ரூம்.

பிளம்பர்: அந்த அமெரிக்காக்காரன் வீட்டுல மரச்சட்டம் அடிச்சு, மேல ஜிப்சம் பலகை. கத்தியாலயே அறுத்துடலாம். உங்களுது செங்கல்லு. அந்தப் பக்கமா நான் வரணும்னா மொதல்ல பிள்ளையார் எழுந்திரிக்கணும்.

சார்: அப்ப டைல்ஸை உடை. போன வாரம் வந்தவர்கூட அதான் சொன்னார். நாலு பக்கமும் உடைச்சு, டைவெர்ட்டர், பைப், டைல்ஸ் எல்லாம் புதுசாப் போடணுமாம்.

பிளம்பர்: அவரு டைல்ஸ் வேலையும் எடுத்துச் செய்றவரா?

சார்: எப்படிப்பா கண்டுபிடிச்சே?

பிளம்பர்: வாயைத் தொறந்ததுமே உடைக்கணும்னாரே, அதான். சார், ஒண்ணு சொல்லுங்க. குளிச்சிட்டு மூடின பிறகு கொஞ்ச நேரம் சொட்டிட்டு நின்னுடுதா, ராத்திரி பூரா சொட்டுதா?

சார்: ராத்திரி பூரா. ஏன்?

பிளம்பர்: எட்டு இஞ்ச் ஷவர் மாட்டியிருக்கீங்க. அது வயித்துல தங்கின தண்ணி அஞ்சு நிமிஷம் சொட்டும், அது கோளாறே இல்ல. அதுக்கே வால்வை மாத்தினவங்க இருக்காங்க. உங்களுது நெஜமாவே வால்வுக்குள்ள இருக்கிற கார்ட்ரிட்ஜ் போச்சு.

சார்: அதான் சுவத்துக்குள்ள இருக்கே!

பிளம்பர்: பித்தளை பாடிதான் சுவத்துக்குள்ள. கார்ட்ரிட்ஜ் முன்பக்கமாவே வரும். இந்த லீவர்ல சிவப்பு நீலம் போட்ட பொட்டு இருக்கா? அதை நெம்பினா உள்ள ஒரு குட்டி ஸ்குரூ. ஆலன் கீ போட்டு லூஸ் பண்ணா லீவர் கைக்கு வந்துரும். அப்புறம் மேல் மூடி, உள்ள ஒரு பித்தளை நட்டு. அவ்ளோதான்.

சார்: இதைச் சொல்லாம அவர் எஸ்டிமேட் மூணு பக்கம் எழுதிக் குடுத்தாரே?

பிளம்பர்: இதை எழுதினா ஒரு வரிதான் சார் வரும்.

சார்: சரி, எப்படியும் கழட்டுறே. தெர்மோஸ்டேடிக் வால்வு மாட்டிடலாமா? திடீர்னு சுடுதண்ணி அடிச்சு தோல் பொசுங்காம அதுவே பார்த்துக்குமாம்.

பிளம்பர்: இப்ப பச்சைத்தண்ணி குழாயைத் தொறந்து கையை நீட்டுங்க.

சார்: (நீட்டி) ஆ!

பிளம்பர்: மொட்டை மாடி டேங்க் தண்ணி சார். கீசர் ஆஃப்ல இருக்கு. கலக்கிறதுக்குக் குளிர்ந்த தண்ணி ஒரு பக்கம் இருந்தாத்தானே அந்த வால்வு வேலை பாக்கும்? தண்ணியை நிறுத்தணும் சார், பாத்ரூமுக்குத் தனி வால்வு எங்க?

(இல்லை. கட்டியவர் பளிங்குத் தரை போட்டார், கூரையில் குட்டி விளக்குகள் பதித்தார். பாத்ரூமுக்கு ஒரு வால்வு வைக்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. மூன்று மாடிக்கும் சேர்த்து மொட்டை மாடியில் ஒரே ஒரு கேட் வால்வு. மொட்டை மாடிச் சாவி செக்ரட்டரியிடம். செக்ரட்டரி வாக்கிங்கில். ஒரு மணி நேரம் கழித்து, துருப்பிடித்த சக்கரத்தோடு மல்லுக்கட்டி பிளம்பர் அதை மூட, கீழ் மாடியிலிருந்து ஒரு குரல் எழுகிறது.)

சார்: ரெண்டாவது மாடி மாமி. தலைக்கு சீயக்காய் தேய்ச்சிண்டிருக்காளாம்.

பிளம்பர்: முன்கூட்டியே சொல்லலையா சார்?

சார்: வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டேனே.

பிளம்பர்: சீயக்காய்க் கையோட எப்படி சார் பார்ப்பாங்க? (நட்டைக் கழற்றி, கார்ட்ரிட்ஜை உருவுகிறார்.) இந்தாங்க, இதான் உங்க வில்லன். உள்ள ரெண்டு செராமிக் தட்டு. ஒண்ணு மேல ஒண்ணு நகர்ந்துதான் தண்ணியைத் தொறக்கும், மூடும். நடுவுல மணல் பூந்தா கீறல் விழும். கீறல் வழியா கசியும். சுத்தி வெள்ளையாப் படிஞ்சிருக்கே, அது போர் தண்ணி உப்பு. எந்தக் கம்பெனி சார் இது? பில் இருக்கா?

சார்: 1984ல வாங்கின மிக்ஸி பில் பத்திரமா இருக்கு.

பிளம்பர்: மிக்ஸி?

சார்: அது எப்பவோ போச்சு. இதெல்லாம் பில்டர் மாட்டினது, பில் நம்மகிட்ட வரலை.

பிளம்பர்: சரி, இதையே கையில எடுத்துட்டுப் போறேன். நாப்பது எம்.எம்., அடியில ரெண்டு காது இருக்கு பாருங்க. அளவும் காதும் அச்சா ஒத்துப்போகணும். அந்தக் கம்பெனி மாடலை நிறுத்தியிருந்தாத்தான் வம்பு. அப்ப மூணு பக்க எஸ்டிமேட்டுதான்.

(பழசைக் கொண்டுபோய்க் காட்டியதில் மூன்றாவது கடையில் கிடைத்தது. சில நூறு ரூபாய். மாட்டி, மாடிக்குப் போய் வால்வைத் திறந்ததும் முதலில் காற்று சீறியது, அப்புறம் செம்மண் நிறத்தில் தண்ணீர், அப்புறம் தெளிவு. மூடினார். ஷவர் வயிற்றில் இருந்தது வடிந்து நின்றது.)

சார்: நின்னுடுச்சே! அந்த உப்புக்கறைக்கு மட்டும் கொஞ்சம் ஆசிட் ஊத்திடறேன்.

பிளம்பர்: ஊத்தினா கறை போகும், கூடவே குரோம் பூச்சும் போகும். எலுமிச்சையைத் தேய்ச்சுக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவுங்க, போதும்.

சார்: இனிமே ஷவர் அருவியாக் கொட்டும், இல்ல?

பிளம்பர்: அது கொட்டாது சார்.

சார்: புது கார்ட்ரிட்ஜ் போட்டிருக்கேப்பா!

பிளம்பர்: கார்ட்ரிட்ஜ் தண்ணியை மூடும், தள்ளாது. பத்து மீட்டர் உசரத்துலேர்ந்து எறங்கினாத்தான் ஒரு பார் பிரஷர். உங்க ஷவருக்கும் டேங்குக்கும் நடுவுல மூணு மீட்டர்கூட இல்ல. கீழ் மாடி மாமிக்குத்தான் நல்லாக் கொட்டும். நீங்க பிரஷர் பம்ப் போடணும், இல்லேன்னா சின்ன ஷவர் மாட்டணும். ரெண்டும் வேணாம்னா அந்தப் பக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.